மக்காச்சோளப் பொரியலுக்கு பாக்கெட் எதுக்குங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

உங்க சமையல் பக்கத்துல காரசாரமான கார்ன் பொரியல்னு ஒண்ணு போட்டிருந்தீங்க, ஆனா எடுத்தவுடனே ஃப்ரோசன் ஸ்வீட் கார்ன் ஒரு பாக்கெட், பட்டர், சில்லி சாஸ்னு இருந்தத பாத்ததும் எனக்கு மனசே ஆறல. எங்க சேலம் மாவட்டத்துல ஆத்தூர், தலைவாசல், கெங்கவல்லி பக்கம் போனா எங்க பாத்தாலும் மக்காச்சோளக் காடுதான், அதுல பெரும்பங்கு காஞ்சு மணியாகி கோழித்தீவனத்துக்கு போயிடுது. ஏற்காடு ஏரிக்கிட்ட வேகவெச்ச கருதுல உப்பு, மிளகாத்தூள், எலுமிச்சம்பழம் தேச்சு தந்தா குடும்பமே நின்னு சாப்பிடறோம், அதே கருத வீட்டுல சோத்துக்கு தொட்டுக்க செய்யலாம்னு மட்டும் யாருக்கும் தோணமாட்டேங்குது.

பொரியல் ருசி கருது வாங்கறதுலயே பாதி முடிஞ்சிரும். நுனில இருக்கற நாரு பழுப்பாகி காஞ்சிருக்கணும், தோல லேசா பிரிச்சு ஒரு மணிய நகத்தால கிள்ளுனா பால் வரணும். வெறும் தண்ணியா வந்தா பிஞ்சு, ஒண்ணுமே வரலைனா முத்திப்போச்சு, அது மாவரைக்கத்தான் ஆகும். ஒடிச்ச கருதுல நேரமாக ஆக இனிப்பு மாவா மாறிட்டே இருக்கும், அதனால காலைல உழவர் சந்தைல வாங்கினா மத்தியானத்துக்கே செஞ்சிருங்க, ஃப்ரிட்ஜ்ல வெச்சு ரெண்டு நாள் கழிச்சு செஞ்சா அந்த ருசி வராது.

கருத முழுசா ரெண்டு மூணு விசில் விட்டு மணிய உதுத்துக்கோங்க. பஜ்ஜி மிளகா ரெண்ட அடுப்புத் தீயில நேரா காட்டி தோல் கருகற வரைக்கும் சுட்டு, ஒரு கிண்ணத்துல மூடி வெச்சு தோல உரிச்சு நீளமா கிழிச்சுக்கோங்க. மெக்சிகோல இப்படித்தான் சுட்ட மிளகாயும் சோளமும் சேத்து செய்யறாங்க, மக்காச்சோளம் மிளகா ரெண்டுக்குமே அதானே பூர்வீகம், நம்ம ஊருக்கு ஏத்த மாதிரி தாளிப்ப மாத்திக்க வேண்டியதுதான். இரும்புச்சட்டில கடலெண்ணெய் ஊத்தி கடுகு, உளுந்து, கறிவேப்பிலை, ஒரு கை சின்ன வெங்காயம், கீறின பச்சமிளகா மூணு. மிளகாய ஆரம்பத்துலயே எண்ணெயில போட்டாத்தான் காரம் எண்ணெயில எறங்கி எல்லா மணிலயும் ஒட்டும், கடைசில போட்டா சோளம் இனிப்பாவும் மிளகா தனியா உறைப்பாவும் நிக்கும். கொழந்தைங்களுக்குனா உள்ள விதை ஒட்டிட்டு இருக்கற வெள்ளத் தண்ட எடுத்துருங்க, காரம் அதுலதான் ஜாஸ்தி. அப்புறம் மணி, சுட்ட மிளகா, உப்பு போட்டு பெரிய தீயில நாலு நிமிஷம் பெரட்டி, பொட்டுக்கடலைப் பொடி ஒரு ஸ்பூன், தேங்கா துருவல் தூவி எறக்கி எலுமிச்சம்பழம் புழிஞ்சா போதும். ரசத்துக்கும் தயிர் சாதத்துக்கும் இதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்.

உங்க கிட்ட கேக்கறது ரெண்டே விஷயம்ங்க. இனிமே சமையல் குறிப்புல பாக்கெட்டுக்கு பதிலா ரெண்டு கருது, மூணு கருதுனு அளவு போடுங்க. இன்னொண்ணு, 2018ல பயிர திங்கற படைப்புழு வந்ததுல இருந்து மக்காச்சோளக் காட்டுக்கு பூச்சிமருந்து அடிக்காம முடியறதில்ல, எந்த மருந்து அடிச்சா எத்தனை நாள் கழிச்சு பச்சக் கருத ஒடிக்கலாம்னு வேளாண் அதிகாரிங்க கிட்ட கேட்டு விவசாயப் பக்கத்துல தெளிவா போடுங்க, விக்கிறவங்களுக்கும் வாங்கற எங்களுக்கும் அது ரொம்ப அவசியம்.

இப்படிக்கு,
வாசகி, அம்மாபேட்டை, சேலம்