நீ கொடுத்தனுப்பிய மூன்று நாணயங்கள்

செவ்வாய்ப்பேட்டை, சேலம்.

அன்புள்ள பழனிச்சாமிக்கு,

ஏற்காட்டிலிருந்து நீ கொடுத்தனுப்பிய மூன்று நாணயங்களும் பத்திரமாக வந்து சேர்ந்தன. இரண்டு இரவுகள் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒன்று மட்டுமே நாணயச் சாலையில் பிழையோடு பிறந்தது.

விளிம்பில் பிறை வடிவில் குறைந்திருக்கும் 1998-ஆம் ஆண்டு ஒரு ரூபாயை, யாரோ அரத்தால் ராவியது என்று ஒதுக்கிவிட இருந்ததாக எழுதியிருந்தாய். ஒதுக்காதே. நம் இரும்பாலையிலும் எஃகுத் தகட்டிலிருந்து, இன்னும் அச்சடிக்காத நாணய வில்லைகளை வெட்டியெடுக்கிறார்கள் என்பது உனக்குத் தெரியும். எங்கே வெட்டினாலும், தகடு போதிய அளவு நகரவில்லை என்றால், முன்பே வெட்டிய துளையின் மேல் அடுத்த வெட்டு விழுந்து, வில்லையில் ஒரு பிறை குறைந்துவிடும். அந்த வில்லையின் விளிம்பை எந்திரத்தில் உருட்டி உயர்த்தும்போது, குறைந்த இடத்தில் பிடிப்பு இல்லாததால், அதற்கு நேர் எதிர்ப்புறத்திலும் அழுத்தம் விழாமல் விளிம்பு மங்கிவிடும். உன் நாணயத்தில் பிறை வலப்பக்கத் தானியக் கதிரை ஒட்டி இருக்கிறது. இடப்பக்கக் கதிருக்கு வெளியே விளிம்பு தேய்ந்த தடம்போலத்தான் தெரிகிறது. அரம் பிடிப்பவனால் இதைக் கொண்டுவர முடியாது. பக்கத்துக் கொலுசுப் பட்டறைத் தராசில், 4.85 கிராம் இருக்க வேண்டிய நாணயம் 4.52 கிராம்தான் காட்டியது. ஆனால் ராவினாலும் எடை குறையும் என்பதால், அதை நான் சாட்சியாகக் கொள்ளவில்லை.

ஐந்து ரூபாய்தான் என்னை வருத்தியது. சிங்கத் தலையின் மேல் இடவலம் மாறிப் பள்ளமாகத் தெரியும் 5-ஐக் காட்டி, அந்த வியாபாரி உன்னிடம் பெரிய விலை கேட்டிருக்கிறார். அடித்த நாணயம் அச்சிலேயே ஒட்டிக்கொண்டு, அடுத்த வில்லையின் மேல் அழுந்தினால் அப்படிப்பட்ட பிம்பம் உண்டாவது உண்மைதான். ஆனால் ஒட்டிய நாணயம் சிங்க அச்சை மூடிவிடுவதால், புது நாணயத்தில் ஒரு பக்கம் 5 புடைத்தும், மறுபக்கம் அதே 5 பள்ளமாகவும் இருக்கும். சிங்கம் விழவே வழியில்லை. இதிலோ சிங்கமும் இருக்கிறது, அதன் முகமும் நசுங்கியிருக்கிறது. இரண்டு நாணயங்களை வைஸில் வைத்து இறுக்கிய வேலை இது. ஒரு ரூபாயும் கொடுத்துவிடாதே.

1835-ஆம் ஆண்டுக் காலணாவின் பச்சை நிறம் வேறு உலோகம் கலந்ததால் வந்ததன்று. உங்கள் மலையின் ஈரம் செம்பின் மேல் பிடித்த களிம்பு. குறுக்கே ஓடும் கோட்டை, அடித்த அச்சில் இருந்த விரிசலின் தடம் என்று எண்ணியிருந்தாய். விரிசலுக்குள் உலோகம் ஏறுவதால், நாணயத்தில் அது மேடாக நிற்கும். இந்தக் கோடோ நகத்தில் தட்டும் பள்ளம், பின்னாளில் விழுந்த கீறல். ஆனாலும் அது நல்ல பழைய காசு. புளி போட்டு மட்டும் விளக்கிவிடாதே, மேற்பரப்பே போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பேருந்தில் மூன்றையும் எடுத்துக்கொண்டு மேலே வருகிறேன். லென்ஸும் கொண்டுவருகிறேன், அந்த இடப்பக்க விளிம்பை நீயே பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் நண்பன்
கந்தசாமி