வழக்கறிஞர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், சீனியர்களுக்கும், சக வழக்கறிஞர்களுக்கும் வணக்கம்.

சந்தா வசூல், நூலக அலமாரி, குடிநீர் இயந்திரம் பழுதான கதை எல்லாம் மினிட்ஸ் புத்தகத்தில் இருக்கின்றன. இந்த ஆண்டு நம்மைப் பாடாய்ப் படுத்தியது சாட்சியச் சட்டம்தான்.

2024 ஜூலை 1-இல் 1872-ஆம் ஆண்டுச் சட்டம் போய் பாரதிய சாக்ஷ்ய அதினியம் வந்தது. மின்னணுச் சான்றுக்கான 65பி பிரிவு இப்போது 63. காவலில் இருப்பவர் சொன்னதைக் கொண்டு கண்டெடுத்ததைப் பற்றிய பழைய 27, 23-க்குள் ஒரு காப்புரையாக ஒடுங்கிவிட்டது. ஆனால் வாதம் சூடானால் பழைய எண்தான் வாயில் வருகிறது. சீனியர்கள் கோபிக்க வேண்டாம்.

எண் பழகிவிடும். மின்னணுச் சான்றோடு தரவேண்டிய 63(4) சான்றிதழ் அப்படியல்ல. பார்ட் ஏ தாக்கல் செய்பவருக்கு, பார்ட் பி நிபுணருக்கு. இரண்டிலும் ஹேஷ் எண் வேண்டும், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண். நம் நூலகத்தில் நடந்த பயிற்சியில் ஒரு ஜூனியர் தன் செல்போன் ஆடியோவுக்கு ஷா-256 என்ற முறையில் ஹேஷ் எடுத்தார். 64 எழுத்து வந்தது. அப்புறம் ஒரே ஒரு நொடியை வெட்டிவிட்டு மறுபடி எடுத்தார். முழுக்க வேறு எண்! பின்வரிசையில் பேச்சு நின்றதே அப்போதுதான்.

2024 அக்டோபர் 30-இல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், மனைவிக்குத் தெரியாமல் கணவர் எடுத்த அழைப்பு விவரங்களை ஏற்க மறுத்தார். அந்தரங்க உரிமையை மீறிப் பெற்ற சான்று செல்லாது என்றார். ஆனால் 2025 ஜூலை 14-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் நாகரத்னா, சதீஷ் சந்திர சர்மா அமர்வு, பஞ்சாப் ஹரியானா வழக்கொன்றில், மனைவி பேசியதைக் கணவர் ரகசியமாகப் பதிவு செய்திருந்தாலும் விவாகரத்து வழக்கில் அதை ஏற்கலாம் என்றது. தம்பதியருக்குள்ளேயே வழக்கு என்றால் தம்பதியரின் தனிப்பேச்சைக் காக்கும் பழைய 122-இன் பாதுகாப்பு கிடையாது. அந்த விலக்கு பிரிவிலேயே இருக்கிறது.

சட்டப்படி சரிதான். ஆனால் கட்சிக்காரர் காதில் "யார் போனையும் நோண்டலாம்" என்றே விழுந்திருக்கிறது. மறுவாரமே ஒருவர் மைத்துனர் போனிலிருந்து எடுத்த ஆடியோவோடு என் சேம்பருக்கு வந்தார், அதுவும் சொத்து வழக்குக்கு! குரல் யாருடையது, பதிவு துல்லியமா, வழக்குக்குச் சம்பந்தமா என்று மூன்றும் நிரூபிக்க வேண்டும் என்றதும் முகம் வாடிவிட்டது.

பார்ட் பி-யில் கையெழுத்திட நிபுணர் கிடைப்பதுதான் இன்னும் திண்டாட்டம். தமிழ்நாட்டுக்கு நிபுணர்களை அறிவிக்கும்படி மதுரைத் தீர்ப்பே மத்திய அமைச்சகத்திடம் சொன்னது. நாமும் ஒரு மனு கொடுக்கலாம். வரைவு மேசையில் இருக்கிறது, தேநீர் இடைவேளையில் கையெழுத்திடுங்கள்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.