போடியாருக்குச் சோடி தேடுற ஆளுக்கு

மச்சான்,

உன்ட வாய்ஸ் மெசேஜ் எல்லாத்தையும் கேட்டுட்டன்டா. பதில் போடாததுக்குக் காரணம் முதல்ல பேப்பர் திருத்துற வேலை, மறுகா கூரை வேலை, மறுகா சோம்பல், எது பெரிசெண்டு நீயே முடிவெடு. இஞ்ச எல்லாரும் சுகம். அம்மாக்கு முழங்கால் நோ அப்பிடியேதான், ஆனா சீரியல் நேரத்துக்கு மட்டும் கால் நல்லா நடக்குது. கட்டையன் ஏறாவூர்ல கடை போட்டிரிக்கான், குடுத்த காசக் கேட்டா இன்னும் அதே சிரிப்புத்தான். இந்தச் சுடுற கச்சான் காத்து தொடங்கிட்டு, கல்லடிப் பாலத்துல சைக்கிள்ல போறவன் எல்லாம் வாயில மண்ணோடதான் வீட்ட வாறான்.

சரி, உன்ட பல்லிப் பிரச்சினைக்கு வாறன். கனடாவில ஸ்காபரோவில குந்திக்கொண்டு மட்டக்களப்புக் கல்லடியில இருக்கிற உயிரியல் வாத்திட்டப் பல்லிக்குச் சம்பந்தம் பேசச் சொல்லுற ஆள் உலகத்துலயே நீ ஒருத்தன்தான். நீ வளக்கிற லெபர்ட் கெக்கோப் பல்லி, நம்மட போடியார், தனியாக் கிடக்காராம், பாவமாம், மகள் அழுறாளாம். புள்ளைக்குச் சொல்லு, போடியாருக்கு அப்பிடி ஒரு கவலையும் இல்ல. லெபர்ட் கெக்கோ எண்டுறது பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கம் வறண்ட கல்லு நிலத்துல பொந்துக்குள்ள பகலக் கழிச்சிட்டு ராவில பூச்சி தேடித் திரியிற சாதி. இன்னொரு ஆம்பிளையக் கண்டா அதுக்குச் சண்டைதான் ஞாபகம் வரும். தனிமை, துணை, பேச்சு எல்லாம் நமக்குத்தான்டா, நீ அங்க ஸ்னோவப் பாத்துக்கொண்டு இருந்து இருந்து உன்ட தனிமைய அதுட தலையில கட்டுறாய்.

இரு, போன கிழமை நடந்ததச் சொல்லுறன். எங்கட குசினி டியூப்லைட்டுக்கு ஒரு பல்லி சொந்தக்காரர் மாதிரி இருக்கிறார், நல்ல கொழுத்தவர். அண்டைக்கு ராவு ஜன்னலால இன்னொருத்தர் உள்ளுக்கு வந்தார். இவர் உடன பாயல்ல. உடம்பத் தூக்கினார், வால மெல்ல மெல்ல அங்கால இங்கால ஆட்டினார், டிக் டிக் எண்டு சத்தம் குடுத்தார், மற்றவர் விளங்காம இன்னும் ரெண்டு அடி கிட்ட வந்தார். வந்ததுதான் தாமதம், கழுத்தடியில ஒரு கவ்வு. ரெண்டும் கட்டிப் புரண்டு சோத்துப் பானை மூடியில பொத்தெண்டு விழுந்துதுகள், வந்தவர் வாலக் கழட்டி வச்சிட்டு ஜன்னலாலயே ஓடிட்டார். வால் மட்டும் மூடிக்கு மேல துள்ளுது. அம்மா பஞ்சாங்கத்த எடுத்து "சோத்துப் பானையில விழுந்தா என்ன பலன்" எண்டு தேடுறா, பூனை வந்து பலன வாயில தூக்கிக்கொண்டு போயிட்டு.

நான் சொல்ல வாறது என்னெண்டா, தோத்தவருக்கு ஜன்னல் இருந்திச்சு. உன்ட கண்ணாடிப் பெட்டியில ஜன்னல் எங்க இரிக்கு? தோத்தது அங்கயே கிடந்துதான் சாகோணும். சண்டை பிடிக்காட்டியும் நிம்மதியா இருக்கெண்டு நினைக்காத, ஒண்டு சூடான பக்கத்தப் பிடிச்சுக்கொள்ளும், மற்றது குளிர்ப் பக்கம் ஒதுங்கிக் கிடந்து சாப்பாடு செமிக்காம சத்தமில்லாம வத்தும். ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறிப் படுத்திருக்கிற படத்தப் போட்டு "எவ்வளவு பாசம்" எண்டு எழுதுறாங்களே, அது முக்காவாசி சூட்டுக்கு நடக்கிற இடப் பிரச்சினைதான்.

அப்ப ஒரு பொம்பிளையப் பாத்து விடுவமெண்டு நீ அடுத்ததாக் கேப்பாய், உன்ன எனக்குத் தெரியாதா. முதல்ல போடியார் ஆணா பெண்ணாண்டே நீ பாத்தியா? கடைக்காரன் சொன்னதுதானே. டோர்ச் அடிச்சு வாலுக்கு அடியில பார், பின்னங்காலுக்கு இடையில இங்கிலீஷ் வீ (V) எழுத்தத் தலைகீழாப் போட்ட மாதிரி வரிசையாச் சின்னச் சின்னத் துவாரமும், அதுக்குக் கீழ ரெண்டு புடைப்பும் வடிவாத் தெரிஞ்சா ஆண். ஆணோட பெண்ண ஒரே பெட்டியில விட்டா அவர் அதுக்கு ஒரு நாள் நிம்மதி குடுக்க மாட்டார், ஒரு தரத்துக்கு ரெண்டு முட்டைப்படி சீசன் முழுக்க இட்டு இட்டு அதுட உடம்புல இருக்கிற கல்சியம் எல்லாம் முட்டைக் கோதுக்கே போயிடும். வாற குஞ்சுகள ஆருக்குக் குடுக்கப் போறாய்? கட்டையனுக்கா?

முட்டை எண்டதும் வாத்திப் புத்தி வந்திட்டு, பொறுத்துக்கொள். லெபர்ட் கெக்கோக் குஞ்சு ஆணா பெண்ணா எண்டத முட்டை கிடக்கிற சூடுதான் முடிவு செய்யுது. 26 பாகை அளவில வச்சா அநேகமா எல்லாம் பெண், 32 அளவுக்குக் கூட்டினா கூடுதலா ஆண், அதையும் தாண்டிக் கூட்டினா திரும்பப் பெண்! கடலாமைக்கும் மணல் சூடுதான் கணக்கு, மணல் சுட்டா பெண் ஆமை. இத வகுப்பில சொன்னா பின் வாங்கு ஒருத்தன் கேக்கிறான், "சேர், அப்ப கச்சான் காத்துக்குப் பிறந்தது எல்லாம் பொம்பிளையா?" அவனுக்கு நான் புள்ளி போடாம என்ன செய்யிற.

இன்னொண்டு, இது பகிடி இல்ல. புதுசா எது வந்தாலும் மூண்டு மாசமாவது வேற அறையில வை. தண்ணிக் கிண்ணம், கிடுக்கி எல்லாம் வேற வேற, போடியாரத் தொட்டிட்டுத்தான் புதுசத் தொடோணும், மாறித் தொடாத, இடையில சவுக்காரம் போட்டுக் கை கழுவு. கிரிப்டோ எண்டு ஒரு குடல் வருத்தம் இரிக்கு, வந்தா போடியார்ட அந்த அழகான கொழுத்த வால் ஈர்க்கு மாதிரி ஆகிடும், நம்பி இருக்கக்கூடிய மருந்தும் இல்ல. சாப்பிடாம இருக்கிற நேரத்துக்குச் சேத்து வச்சிருக்கிற சொத்தே அந்த வால்தான், அதாலதானே அவருக்கு நாம பெரிய வயல்காரர் மாதிரிப் போடியார் எண்டு பேர் வச்ச. மிருக வைத்தியர்ட்ட மலத்தக் குடுத்து டெஸ்ட் பண்ணிட்டு மறுகா பக்கத்துப் பக்கத்துல பெட்டிய வை.

இவ்வளவு சொல்லியும் உனக்கு ரெண்டாவது வேணும், அதுவும் எனக்குத் தெரியும். அப்ப போடியாருக்காக வாங்காத, உனக்காக வாங்கு, வேற பெட்டி, வேற சாதி. நீ சொன்ன பியர்டட் ட்ராகன் ஓணான் நல்ல குணம்தான், பகல்ல முழிச்சிருக்கும், மகள்ட தோள்ல ஏறிக் குந்தும். ஆனா ரெண்டு அடிக்குக் கிட்ட வளருற சாமான், நாலடிப் பெட்டி வேணும், குளிர் காயுற இடத்துல 40 பாகை அளவு சூடு வேணும், அதுக்கு மேல புற ஊதாக் கதிர் குடுக்கிற யூவீபீ லைட், லைட் எரிஞ்சாலும் கதிர் குறைஞ்சிடும் எண்டு அத அடிக்கடி மாத்தோணும். 2013 டிசம்பர் ஐஸ் மழையில டொரன்டோவில கன இடம் கரண்ட் இல்லாம கிடந்திச்சே, நீ ஜக்கட்டோட படுத்து எனக்குப் போன் எடுத்து அழுத நேரம். அந்த மாதிரி ஒரு ராவில அதுக்கு நீ என்ன செய்வாய்?

என்னக் கேட்டா கிரெஸ்டட் கெக்கோ. நியூ கலிடோனியாத் தீவுச் சாமான், அழிஞ்சு போச்செண்டு நினைச்சிருந்து 1994ல திரும்பக் கண்டுபிடிச்சவங்க, இப்ப கடையில விக்கிறது எல்லாம் வளப்புல பிறந்ததுகள். 22 தொடக்கம் 26 பாகை போதும், உன்ட வீட்டுச் சூட்டுக்குக் கொஞ்சம் கூட்டினாச் சரி, 28க்கு மேலதான் அதுக்கு ஆகாது. பழமும் புரதமும் சேத்த மாவத் தண்ணியில கரைச்சு வைக்கிற, இடைக்கிடை ஒரு பூச்சி. உன்ட மனிசிக்கு வெட்டுக்கிளி சோபாவுக்குள்ள போன நாள் தொட்டு உன்னோட இருக்கிற கோபம் இதோட பாதியாக் குறையும். உயரமான பெட்டி வாங்கு, மரம் ஏறுற சாதி, ராவில தண்ணி தெளி. வால் கழண்டா போடியாருக்கு மாதிரித் திரும்ப முளைக்காது, ஆனா அது இல்லாமலே சுகமா இருக்கும். மகளுக்கு முதலே சொல்லி வை, இல்லாட்டி ஒரு நாள் அழுது ஊரக் கூட்டுவாள்.

இனி நீ கடைசி மெசேஜ்ல சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னது. பல்லி, ஓணான் விக்கிற எக்ஸ்போவில ஒருத்தன் இலங்கை ஓணான் வச்சிருந்தானாம், மூக்கில உருண்டை, பச்சை, "நம்மட நாட்டுச் சாமான் மச்சான், பாத்ததும் கண் கலங்கிட்டு", வாங்கட்டா எண்டு கேக்கிறாய். அதக் கேட்டுத்தான் நான் இந்த ராவில இருந்து இவ்வளவும் எழுதுறன்.

அந்த மூக்கு உருண்டைக்காரர் உலகத்துல நம்மட தீவுல மட்டும்தான் இருக்கிறார், அவர்ட சாதியில வேற இனமே இல்ல. சிங்கராஜா மாதிரி ஈரக் காட்டுல மரத்துல அசையாம இருந்து, கீழ இறங்கி மண்புழு பிடிச்சுத் திண்டு வாழுறவர். பயந்தா வாயத் திறந்து உள்ளுக்கு இருக்கிற சிவப்பக் காட்டுவார். ஹோட்டன் சமவெளியில கொம்பு ஓணான் இரிக்கு, நக்கிள்ஸ்ல இலை மாதிரி மூக்குள்ளது இரிக்கு, குளிர் மலையில முட்டை இடாம குட்டியே போடுற ஓணானும் இரிக்கு. இதுகளப் பிடிக்கிறது, கொண்டு போறது எல்லாம் நம்மட சட்டத்துல குத்தம். பிடிச்சு சொக்ஸுக்குள்ள சுத்தி சூட்கேஸ்ல கொண்டு போற ஆக்கள் இருக்காங்கடா.

உனக்கு ஒண்டு சொல்லட்டா. அழியிற விலங்குகள விக்கிறதக் கட்டுப்படுத்துற சைட்டிஸ் மாநாடு 2019ல கொழும்பிலதான் நடக்க இருந்த, மே மாசம். ஏப்ரல் 21 வந்திச்சு, ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்பு. நம்மட சீயோன் தேவாலயம். அண்டைக்கு நீ அங்க விடிய முதல் எழும்பிப் போன் எடுத்து எடுத்து லைன் கிடைக்காம, கடைசியில கிடைச்சதும் ஒண்டும் கதைக்காம நிண்டாய், நானும் கதைக்கல்ல. ஆஸ்பத்திரி ரோட்டால வாகனம் போன சத்தம் உனக்கும் கேட்டிருக்கும். மறுகா மாநாட்ட ஆகஸ்டில ஜெனீவாவுக்குக் கொண்டு போயிட்டாங்க. நம்மட கொம்பு ஓணான்களையும் மூக்கு உருண்டைக்காரரையும் பட்டியல்ல சேத்தது அங்க வச்சுத்தான். அந்த வருசம் இந்த நாடு கேட்டுக் கிடைச்ச ஒரு சில நல்ல காரியத்துல அது ஒண்டு எண்டு நான் நினைக்கிறன்.

அவன் வளப்புல பிறந்தது எண்டு பேப்பர் காட்டுவான். காட்டட்டும். தாயும் தேப்பனும் எந்த நாட்டுல இருந்து, எந்த வருசம், என்ன பெர்மிட்ல வந்ததெண்டு கேள், மூஞ்சியப் பார். ஊர் ஞாபகம் வந்தா ஊருக்கு வாடா, ஓணானப் பெட்டியில வாங்காம.

வாறதெண்டும் சொல்லிருந்தாய், ஆடி அமாவாசைக்கு, மாமாங்கத் தீர்த்தத்துக்கு. அது கிட்ட வந்திட்டு, டிக்கட் போட்டியா? போட்டிருந்தா ரெண்டாவது பல்லிய இப்ப வாங்காத. போடியார் வளந்த ஆள், ரெண்டு மூண்டு நாளைக்கு ஒருக்கா உன்ட மச்சினன் வந்து பூச்சியும் தண்ணியும் வச்சிட்டுப் போனாச் சமாளிப்பார், புதுசா வந்த குஞ்சு அப்பிடி இருக்காது. திரும்பிப் போய் வாங்கு. வரேக்க எனக்கு அந்தத் தூரத்துல இருந்து அமத்திச் சூடு பாக்கிற தெர்மோமீட்டர் ஒண்டு கொண்டு வா, லாபுக்கு. காசு தருவன், கட்டையன் மாதிரி இல்ல.

டிக்கட் திகதிய அனுப்பு. அம்மா உனக்கு எருமைத் தயிர்ச் சட்டி சொல்லி வைக்கக் கேக்கிறா.