நேரம் நல்லாயிருந்துச்சு என்று எழுதியிருந்தாயே

ஈரோடு
கார்த்திகை, 2024

அன்புள்ள குண்டூசி,

உன் கடிதம் ஆவணியில் வந்தது. இப்போது கார்த்திகை. வேலை அதிகம், அதனால்தான் பதில் போடவில்லை என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி நீ எழுதியிருந்த ஒரு வரி. மூன்று மாதமாக அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அதற்கு முன்னால் ஊர்ச் செய்தி. அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, தைலம் மட்டும் மாறுகிறது. பெரியக்காவுக்குப் பேரன் பிறந்திருக்கிறான். காது அந்த வீட்டுக் காதுதான், சந்தேகமே வேண்டாம். கணக்கு டீச்சரைச் சந்தையில் பார்த்தேன். அந்தத் தேங்காய் விஷயத்தை இன்னும் மறக்கவில்லை, உன்னைத்தான் முதலில் விசாரித்தார். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

"உனக்கென்னடி, நேரம் நல்லாயிருந்துச்சு. பிளாஸ்டிக்கைத் தடை பண்ணினாங்க, உன் பை ஓட ஆரம்பிச்சிடுச்சு. இவளுக்கும் அப்படி ஒரு நேரம் வரட்டும், அப்புறம் கடை வைக்கட்டும்னு சொல்லிட்டேன்" என்று எழுதியிருந்தாய். என்னைப் பற்றி நீ என்ன வேண்டுமானாலும் எழுது, உனக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் இதை உன் பெண்ணிடம் சொல்லிவிட்டாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நீ தூத்துக்குடிப் பக்கம் போனபிறகு நடந்தது உனக்கு முழுசாகத் தெரியாது. துணிப்பையில் படம் அச்சடித்து விற்கிற இந்தக் கடையை நான் திறந்தது 2016 நவம்பர் 4, வெள்ளிக்கிழமை. தீபாவளி முடிந்து ஆறே நாள். கோயில் வீதிக்குப் பின்னால் பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறை, ஒரு மேஜை, நாலு ஸ்கிரீன். திங்கட்கிழமை ராத்திரி ஜவுளிச் சந்தைக்குப் போய், கையிலிருந்த பணம் அத்தனைக்கும் காடாத் துணி எடுத்தேன். மறுநாள் செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு மேல் டிவியில் அறிவிப்பு வந்தது: ஐநூறும் ஆயிரமும் இனிச் செல்லாது. கடைக்கு வயது நாலு நாள். இதுதானடி எனக்கு வாய்த்த நல்ல நேரம்!

முதல் ஆர்டர் ஒரு கல்யாணத்துக்கு நானூறு தாம்பூலப் பை. பாக்கிப் பணத்தைப் பழைய நோட்டாகத்தான் தந்தார்கள், அவர்களிடமும் வேறு இல்லை. அதைக் கணக்கில் கட்ட இரண்டு நாள் வங்கி வாசலில் நின்றேன். அதற்குப் பிறகு வந்த முகூர்த்தங்களில் பை கேட்டு ஒருவரும் வரவில்லை. இருக்கிற புது நோட்டைச் சமையல்காரருக்குக் கொடுப்பார்களா, பைக்குக் கொடுப்பார்களா?

அது கூடப் பரவாயில்லை, ஊருக்கே வந்த கஷ்டம். அடுத்த வருஷம் வைகாசியில் வந்ததுதான் எனக்கே எனக்கென்று வந்தது. ஒரு கல்யாண வீட்டம்மா வந்து, பேசாமல் பையை மேஜைமேல் விரித்தார். நான் வரைந்த மயில் இருந்த இடத்தில் ஒரு நீலக் கறை, மஞ்சள் துணி முழுக்க இழுவிக்கொண்டு. ஒரே ஒரு முறை நனைத்தாராம். அவர் திட்டியிருந்தால்கூட அழுதிருக்க மாட்டேன். "நல்லா வரைஞ்சிருந்தியே கண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நான் பிரிண்ட் போட்டு வெயிலில் காயவைப்பதோடு நிறுத்திக்கொண்டிருந்தேன். இந்த நிறம் துணிக்குள் ஊறுகிற சாயம் இல்லை. மேலே உட்காருகிற பொடி, அதைப் பிடித்துவைக்கிறது பைண்டர் என்கிற பசை. அந்த பைண்டர் இறுகுவதற்கு 150 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். வெயிலுக்கு அந்தச் சூடு ஏது? சூடேற்றும் மெஷினுக்கு என்னிடம் பணம் ஏது? இஸ்திரிப் பெட்டியை எடுத்தேன். பையைத் திருப்பிப்போட்டு, பின்பக்கமாக, ஒவ்வொரு பையாக அழுத்தினேன். எத்தனை நேரம் என்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம் என்று துண்டுத் துணிகளில் குறித்து, ராத்திரி வாளியில் ஊறப்போட்டு, காலையில் துவைகல்லில் பிரஷ் போட்டுத் தேய்த்துப் பார்ப்பேன். குறைந்தது ஒன்பது மாதம் இப்படிப் போயிற்று. நீலம் முதலில் நின்றது. கறுப்பு நின்றது. சிவப்புதான் கடைசிவரை படுத்தியது. அப்பா தினமும் அந்த வாளியைத் தாண்டித்தான் தறிப்பட்டறைக்குப் போவார். ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இப்போது உன் வரிக்கு வருகிறேன். அதிர்ஷ்டம் இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். 2018 மே மாதம் வீட்டுக்காரரிடம், ஜூன் முடிந்ததும் காலி செய்கிறேன், அட்வான்ஸைத் திருப்பிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டிசைன் வேலைக்குப் பேசியும் வைத்திருந்தேன். ஜூன் 5 சட்டசபையில் அறிவித்தார்கள்: 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடுகிற பிளாஸ்டிக்குக்குத் தடை, பை என்றால் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் தடை. டீக்கடையில் பேப்பரைப் பார்த்த அப்பா, அதை மடித்து எடுத்துக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தார். அந்த அறிவிப்பு ஒரு மாதம் தள்ளி வந்திருந்தால் நான் இன்றைக்குத் திருப்பூர் பஸ்ஸில் போய்க்கொண்டிருப்பேன். இதை நான் மறந்ததே இல்லை.

ஆனால் கேள். அறிவித்த மறுநாளே ஜனம் வரிசையில் வந்து நின்றது என்று நீ நினைத்திருக்கிறாய். ஆறு மாதம் ஒரு ஆள் வரவில்லை. "இதெல்லாம் நடக்கிற காரியமா" என்றுதான் கடைக்குக் கடை சொன்னார்கள். வாடகைக்கு வளையல் போயிற்று. டிசம்பர் பதினைந்துக்கு மேல்தான் எல்லோருக்கும் பயம் வந்தது. பேக்கரிக்காரர், ஜவுளிக்கடைக்காரர், நாட்டு மருந்துக்கடைக்காரர் என்று வந்த எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "துவைச்சா போகுமா?" நான் பதில் சொல்லவில்லை. வாளியிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கையில் கொடுத்து, தேய்த்துப் பாருங்கள் என்றேன். ஜவுளிக்கடைக்காரர் தன் வெள்ளை வேட்டியிலேயே தேய்த்துப் பார்த்தார்! வேட்டி வெள்ளையாகவே இருந்தது. ஆயிரம் பைக்கு அங்கேயே முன்பணம் வைத்தார்.

தடை தமிழ்நாடு முழுக்கத்தானே வந்தது குண்டூசி? அதே மாதம் எங்கள் வீதியில் புதிதாக மூன்று பேர் பை போட ஆரம்பித்தார்கள். சித்திரை வரும்போது மூன்றும் இல்லை. அவர்களிடம் திறமை இல்லை என்று சொல்ல மாட்டேன். துவைத்துப் பார்க்க அவர்களுக்கு நாள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். யாரும் எட்டிப் பார்க்காத அந்த இரண்டு வருஷம் எனக்கு அந்த நாளைக் கொடுத்தது.

அப்புறம் 2019 மார்ச்சில் ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு மண்டிக்காரர் மஞ்சள் படம் போட்ட பை வேண்டும் என்று வந்தார். இலையோடு, கிழங்கோடு, வேர் மண்ணோடு ஒரு மஞ்சள் செடியை நான் முன்பே எனக்காக வரைந்து வைத்திருந்தேன். அதையே எடுத்துக்கொண்டார். இன்றுவரை அதிகம் போவது அந்தப் படம்தான்.

2020 உனக்கே தெரியும். பங்குனியில் ஊரடங்கு. பெயரும் தேதியும் அச்சடித்த ஆயிரத்து நூறு பை அலமாரியில் தங்கிவிட்டது. அந்தக் கல்யாணங்கள் வீட்டு வாசலில் இருபது பேரோடு நடந்து முடிந்தன. ஒவ்வொன்றாகத் தையல் பிரித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பித் தைத்து, காய்கறிப் பையாக விற்றோம். 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தபோது எல்லோரும் போன் செய்து வாழ்த்தினீர்கள். சந்தோஷம்தான். ஆனால் அடுத்த வருஷம் கோயம்பேட்டில் மெஷின் வைத்தார்கள், காசு போட்டால் பத்து ரூபாய்க்கு மஞ்சப்பை வந்தது. என் பையைப் பத்து ரூபாய்க்கு எப்படித் தருவேன்? துணிக்கே அதற்குமேல் ஆகிறது. நல்ல நேரம் என்று ஊர் சொன்ன அந்த வருஷம் எனக்கு இரண்டு பெரிய ஆர்டர் கைவிட்டுப் போயிற்று. படத்துக்காக வாங்குகிறவர்கள் மட்டும் நின்றார்கள். அவர்களை வைத்துத்தான் இன்று என்னோடு சேர்த்து நாலு பேர் சாப்பிடுகிறோம்.

இவ்வளவும் எதற்கு எழுதுகிறேன் என்றால், உன் பெண் எனக்குத் தனியாக ஒரு பனை ஓலைப் பெட்டி அனுப்பியிருந்தாள். உன்னிடம் சொன்னாளோ என்னவோ, இப்போது நான் சொல்லிவிட்டேன், அவளைத் திட்டாதே. மூன்று மாதமாக என் மேஜைமேல்தான் இருக்கிறது. மூடி இன்னும் அதே இறுக்கத்தோடு உட்காருகிறது. மழைக்காலத்தில் ஓலை பூசணம் பிடிக்கும் என்று பயந்தேன், பிடிக்கவில்லை, குருத்தோலையை நன்றாகக் காயவைத்திருக்கிறாள். மூலை மடிப்பில் ஒரு பிசிறு இல்லை. மூடியில் சிவப்பு ஓலையைக் குறுக்கே ஓட்டிப் பின்னியிருக்கிறாளே, அந்தப் பின்னல் யாரிடமும் பார்த்துச் செய்ததில்லை, அவளுடையது. நேரம் வரட்டும் என்று இவளை நிறுத்திவைக்காதே. கடை வேண்டாம் என்றால் இப்போதைக்கு வேண்டாம். திண்ணையில் உட்கார்ந்து வாரத்துக்கு இருபது பெட்டி முடையட்டும். எங்கள் வீதி மிட்டாய்க்கடைக்காரரிடம் பேசியிருக்கிறேன், தைக்கு ஐம்பது பெட்டி எடுத்துப் பார்க்கிறேன் என்கிறார். உறுதியாகச் சொல்லவில்லை, பார்க்கிறேன் என்றுதான் சொன்னார்.

ஒரு குறை உண்டு. நேற்று கையைக் கழுவிவிட்டு ஈரத்தோடு பெட்டியை எடுத்தேன். மூடியின் சிவப்பு என் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. பச்சையும் மஞ்சளும் ஒட்டவில்லை, சிவப்பு மட்டும்தான். சாயத்தில் ஓலையை எவ்வளவு நேரம் கொதிக்க விடுகிறாள் என்று கேட்டு எழுது. கால் மணி நேரம், அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் என்று துண்டு ஓலைகளில் தனித்தனியாகப் போட்டு, நேரத்தைக் குறித்து, ஒரு கவரில் எனக்கு அனுப்பச் சொல். நானும் இங்கே வாளியில் போட்டுப் பார்க்கிறேன்.

உன்
மைக்கூடு