எல் கேப்பிட்டனில் கம்பைல் ஆகும், ஓடாது

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய ஆப்பிள் கணினிகளைக் கழித்துவிடாமல் பயன்படுத்தச் சொல்லி உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரை தேவையான ஒன்று. ஆனால், புதிய யூனிக்ஸ் மென்பொருளின் மூலநிரலை இறக்கி 'கான்ஃபிகர்' (கணினியில் என்னென்ன உள்ளன என்று சோதிப்பது), 'மேக்' (மூலநிரலைக் கம்பைல் செய்து ஓடும் நிரலாக்குவது) என்று இரண்டு கட்டளை கொடுத்தால் போதும் என்ற வரி வாசகர்களைத் திண்டாட வைக்கும். இரண்டும் பிழையில்லாமல் முடிந்த பிறகும் நிரல் ஓடாமல் போகலாம்.

ஆப்பிளின் பழைய இயங்குதளப் பதிப்பான எல் கேப்பிட்டனையே (10.11) எடுத்துக்கொள்வோம். நேரம் பார்க்கும் 'கிளாக்_கெட்டைம்' ஃபங்ஷன் 2016-இல் வெளியான அடுத்த பதிப்பான சியர்ராவில்தான் (10.12) சேர்க்கப்பட்டது. எல் கேப்பிட்டனில் நிறுவப்படும் ஆப்பிளின் நிரலாக்கக் கருவித்தொகுப்பான எக்ஸ்கோடு 8-உடன் வருவதோ சியர்ராவின் எஸ்டிகே (அந்தப் பதிப்பில் உள்ள ஃபங்ஷன்களின் பெயர்கள் அடங்கிய கோப்புகள்). கான்ஃபிகர் ஒரு சிறு நிரலை லிங்க் செய்து (ஆயத்த ஃபங்ஷன்கள் அடங்கிய நூலகத்தோடு இணைத்து) பார்த்தே ஃபங்ஷன் உண்டா இல்லையா என்று முடிவு செய்கிறது. எஸ்டிகேயில் பெயர் இருப்பதால் 'யெஸ்' என்றுவிடும். கணினியில் உள்ள நூலகத்தில் அது கிடையாது. விளைவு, ஓட்டும்போது 'சிம்பல் நாட் ஃபவுண்ட்' என்று நிற்கும். வீக் லிங்க் (பெயர் கிடைக்காவிட்டாலும் நிரலை ஓடத் தொடங்க விடும் இணைப்பு) ஆகியிருந்தால் இன்னும் மோசம்: அந்த ஃபங்ஷனை அழைக்கும்வரை நன்றாக ஓடி, பிறகு விழும். சீரற்ற தரவு தரும் 'கெட்என்ட்ரோபி'யிலும் இதே கதைதான்.

பலர், கான்ஃபிகர் தன் முடிவுகளை எழுதிவைக்கும் கான்ஃபிக்.எச் கோப்பைத் திறந்து அந்த ஃபங்ஷனுக்கான வரியை அழிக்கிறார்கள். கான்ஃபிகர் மறுபடி ஓடினால் அந்தத் திருத்தம் போய்விடும். கான்ஃபிகர் தொடங்கும்போதே படிக்கும் கான்ஃபிக்.சைட் என்ற கோப்பில் 'ஏசி_சிவி_ஃபங்க்_கிளாக்_கெட்டைம்=நோ' என்று எழுதி, கோப்பின் பாதையை 'கான்ஃபிக்_சைட்' சூழல் மாறியில் கொடுப்பதே சரியான வழி. சில மென்பொருள்கள் ஃபங்ஷனை நூலகம் நூலகமாகத் தேடும். அவற்றுக்கு 'ஃபங்க்' இருக்குமிடத்தில் 'சர்ச்' என்று போட்ட இன்னொரு வரியும் வேண்டும். கான்ஃபிகருக்குப் பதிலாகச் சில மென்பொருள்கள் பயன்படுத்தும் சீமேக், இந்தக் கோப்பைப் பார்ப்பதே இல்லை. அதற்கு '-டி' (பெரிய எழுத்து) விருப்பத்தின் மூலம் சோதனை மாறியைத் தனியே தர வேண்டும்.

'நோ' என்றால் பயன்படுத்த மாற்று வழி மூலநிரலிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் கான்ஃபிக்.சைட்டில் எழுதிய அந்த வரியை நீக்கிவிட்டு, ஆப்பிள் கணினிகளுக்கு யூனிக்ஸ் மென்பொருள் தரும் மேக்போர்ட்ஸ் திட்டத்தின் லெகசி-சப்போர்ட் நூலகத்தை (பழைய பதிப்புகளில் இல்லாத ஃபங்ஷன்களைத் தருவது) இணைப்பது நல்லது. கணினியின் உள்கடிகார எண்ணைத் தரும் 'மாக்_அப்சொல்யூட்_டைம்' கொண்டு மாற்று வழியைத் தாமே எழுத முனைவோர், அது தரும் எண்ணை நானோநொடி என்று அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்டெல் கணினியில் சரியாக வரும், இன்டெலுக்கு முந்தைய பவர்பிசி சில்லு உள்ள கணினியில் தவறும். அந்த எண்ணை நானோநொடியாக மாற்றும் டைம்பேஸ் விகிதத்தால் பெருக்க வேண்டும்.

இன்னொரு பொறி, கோப்புகளின் நேர முத்திரை. கான்ஃபிகரை உருவாக்கும் மூலக்கோப்பான கான்ஃபிகர்.ஏசியில் பேட்ச் (திருத்தம்) போட்டதும் அது கான்ஃபிகரைவிடப் புதியதாகிவிடும். உடனே 'மேக்', இத்தகைய கோப்புகளை மீண்டும் உருவாக்கும் ஆட்டோமேக் கருவியைத் தேடும்; பழைய கணினியில் அதற்குத் தேவையான பதிப்பு இருக்காது. அதனால் கான்ஃபிகருக்கும் சேர்த்தே பேட்ச் போட்டு, முதலில் ஏசிலோக்கல்.எம்4, அடுத்து கான்ஃபிகர், கான்ஃபிக்.எச்.இன், எல்லா மேக்ஃபைல்.இன் கோப்புகள் என்ற வரிசையில் 'டச்' (நேர முத்திரையைப் புதுப்பிக்கும் கட்டளை) கொடுக்க வேண்டும்.

இயங்குதளப் பதிப்பு ஒவ்வொன்றுக்கும் தனி கான்ஃபிக்.சைட் வைத்து கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியில் சேமிப்பது அவசியம். ஒவ்வொரு வரிக்கும் மேலே, அது ஏன் தேவை, எந்தப் பதிப்போடு தேவை முடிகிறது என்று குறிப்பு எழுத வேண்டும். அது இல்லாவிட்டால் எந்த வரியை எப்போது எடுக்கலாம் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது.

கம்பைல் முடிந்ததும் 'என்எம் -யு' (சிறிய எழுத்து) கட்டளையை நிரல்மேல் ஓட்டினால், வெளியிலிருந்து எதிர்பார்க்கும் பெயர்கள் வரிசையாக வரும். அதில் கிளாக்_கெட்டைம் இன்னும் இருந்தால், லெகசி-சப்போர்ட் நூலகம் இணைந்திருக்கிறதா என்று 'ஓடூல் -எல்' (பெரிய எழுத்து) கொண்டு பார்த்துவிட்டுத்தான் நிறுவ வேண்டும். கட்டுரையின் அடுத்த பகுதியில் இந்தச் சோதனையையாவது சேர்க்கக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
யூனிக்ஸ் மென்பொருள் பராமரிக்கும் வாசகர்கள்