கேஸ் ஷீட்டில் எழுதியதைத் தட்டிலும் வையுங்கள்

மதிப்பிற்குரிய மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்களுக்கும், உணவுப் பிரிவுப் பொறுப்பாளர் அவர்களுக்கும்,

வணக்கம். சுகர் புண் வார்டில் என் அம்மாவோடு 19 நாள் இருந்தேன். வலது காலில் ஒரு விரலை எடுத்த பிறகு அம்மாவை வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறேன். விரல் போனதற்குக் குறை சொல்ல இதை எழுதவில்லை. உங்கள் சர்ஜன் காலைக் காப்பாற்றிக் கொடுத்தார். நடு ராத்திரியில் கூப்பிட்டாலும் சிஸ்டர்கள் ஓடி வந்தார்கள். நான் எழுதுவது சாப்பாட்டு வண்டியைப் பற்றி.

அட்மிஷன் அன்றே டாக்டர் கேஸ் ஷீட்டில் ‘டயபெடிக் டயட்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலை ஆறரைக்கு வந்த பால் கேன் ஒன்றே ஒன்று. அதில் சர்க்கரை கலந்துதான் இருந்தது. எட்டு மணிக்கு வெள்ளை பிரெட். மதியம் குவித்து வைத்த வெள்ளைச் சோறு, தண்ணீராய் ஒரு சாம்பார், ஒரு கரண்டி உருளைக்கிழங்கு. இரவு ரவை உப்புமா. பைக்கில் விழுந்து கை ஒடிந்து வந்த இளவட்டத்துக்கும் இதுதான், 15 வருஷமாகச் சுகரோடு இருக்கும் என் அம்மாவுக்கும் இதுதான். சர்க்கரை போடாத பால் கேட்டேன். வண்டி தள்ளி வந்தவர், “எல்லாருக்கும் ஒரே கேன்தாம்மா, வேணாம்னா விட்டுடுங்க” என்றார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் கையில் நீங்கள் கொடுத்தது ஒரு கேன்தானே.

ஆனால் விட முடியாது, ஐயா. அதுதான் என்னை இன்னும் தூங்க விடாமல் செய்கிறது. சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போட்டாயிற்று. ஊசி போட்டபின் சாப்பிடாமல் இருந்தால் சுகர் தாழ்ந்து வியர்த்து மயங்கி விழுவார்கள். பக்கத்து பெட் தாத்தாவுக்குத் துணைக்கு யாருமே இல்லை. ஒரு நாள் பிரெட்டை ஒதுக்கி வைத்துவிட்டுப் படுத்தவருக்குப் பதினொரு மணிக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. சிஸ்டர் ஓடி வந்து குளுக்கோஸ் ஏற்றினார். மறுநாள் முதல் அவர் வந்ததையெல்லாம் மறுபேச்சு இல்லாமல் விழுங்கினார். சுகர் 340-ஐத் தொட்டது. ரவுண்ட்ஸில், “என்ன பெரியவரே, சாப்பாட்டுல கட்டுப்பாடே இல்லையா?” என்று அவரையே கேட்டார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். உங்கள் அடுப்பில் வெந்ததைச் சாப்பிட்டதற்காக உங்கள் வார்டில் ஒரு முதியவர் குற்றவாளிபோல உட்கார்ந்திருந்தார்.

என் மகனின் பழைய நோட்டில் தினமும் எழுதி வைத்தேன்: என்ன சாப்பாடு, இரண்டு மணி நேரம் கழித்து எவ்வளவு சுகர். மூன்று மதியங்களில் 318, 296, 331. பத்தாம் நாள் சித்தி வீட்டிலிருந்து கொண்டு வந்தார்: ஒரு கிண்ணம் சோறு, பாசிப்பயறுக் கூட்டு, முருங்கைக்கீரைப் பொரியல், அவித்த முட்டை. அன்று 204. ஊசி அதே யூனிட்தான். ஒரு நாள் கணக்கை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் சுகர் ஏறியபோதெல்லாம் ஊசியின் யூனிட்டைத்தான் கூட்டினார்கள். சோற்றைக் குறைக்க அந்த வார்டில் ஒருவருக்கும் அதிகாரம் இருக்கவில்லை.

இது நாக்கைக் கட்டுவது பற்றிய பேச்சு மட்டும் அல்ல என்று எனக்குப் புரிய வைத்தவர் உங்கள் பயிற்சி டாக்டர்தான். அம்மாவின் ரத்தப் பரிசோதனையில் அழற்சியின் அளவைச் சொல்லும் சி.ஆர்.பி. ஏறியிருப்பதைக் காட்டி, பொறுமையாகச் சொன்னார். புண்ணில் கிருமி சேர்ந்தால் உடம்பு அதை எதிர்த்து நிற்கிறது. அதுதான் அழற்சி. அப்போது சுரக்கும் பொருள்கள் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடுவதில்லை. சுகர் ஏறுகிறது. ஏறிய சுகரில் வெள்ளை அணுக்களுக்குக் கிருமியை விழுங்கும் வலு குறைகிறது. புண் ஆறத் தாமதமாகிறது, அழற்சியும் தணிவதில்லை. சுகர் இறங்கப் புண் ஆற வேண்டும், புண் ஆறச் சுகர் இறங்க வேண்டும். இந்தச் சுழலில் ஒரு நாளைக்கு நான்கு வேளை வெள்ளை மாவையும் சர்க்கரையையும் கொண்டு வந்து கொட்டினால் விலை உயர்ந்த ஆன்டிபயாடிக் தனியாக என்ன செய்யும்? புதுச் சதை வளரப் புரதம் வேண்டும். அது அந்தத் தட்டில் ஏறக்குறைய இல்லை. புண் இல்லாதவருக்கும் வயிற்றைச் சுற்றிய கொழுப்பிலிருந்து அழற்சியைத் தூண்டும் பொருள்கள் ஓயாமல் கசிகின்றன, நீறு பூத்த நெருப்பு மாதிரி. தவிடு நீக்காத தானியம், பயறு, கீரை ஆகியவற்றின் நார்ச்சத்தைக் குடலில் உள்ள நுண்ணுயிர்கள் உண்டு, அந்த நெருப்பைத் தணிக்க உதவும் அமிலங்களைத் தருகின்றன. இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு 2023-ல் வெளிவந்தபோது நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. அதே குழு 2025-ல், இந்தியர் உண்ணும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று கணக்குச் சொன்னது. வீட்டில் நாங்கள் செய்யும் தப்பு அது, ஒத்துக்கொள்கிறேன். மருத்துவமனையும் அதே தப்பைத் தட்டில் போட்டுக் கொடுக்கலாமா?

சொல்ல ஆரம்பித்தால் நிற்க மாட்டேன் என்கிறது. 19 நாளில் அம்மாவின் வாயைத் திறந்து ஈறைப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. ஈறில் இருக்கும் அழற்சியைச் சரிசெய்தால் மூன்று நான்கு மாதத்தில் ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சுகரின் சராசரியைக் காட்டும் பரிசோதனை) சராசரியாக 0.43 சதவீதப் புள்ளி இறங்குகிறது என்று, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு 2022-ல் சொல்லியிருக்கிறது. பல் டாக்டர் இருப்பதோ அடுத்த மாடியில். வளாகத்து கேன்டீனில் அதே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி வடை போடுகிறார்கள். மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு வரும் திட்டம் 2021-ல் வந்தது, நல்ல காரியம். அந்த மாத்திரை வேலை செய்யத் தேவையான சாப்பாட்டை யார் யோசிப்பது? நீலகிரியிலும் தருமபுரியிலும் 2023-ல் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். அதையும் பெரிய களி உருண்டையாக விழுங்கினால் சுகர் ஏறத்தான் செய்யும் என்று பக்கத்தில் நின்று சொல்ல ஆள் வேண்டாமா?

மன்னியுங்கள், எங்கோ போய்விட்டேன். இவை எல்லாம் உங்கள் கையில் இல்லை. அந்தப் பால் கேன் உங்கள் கையில் இருக்கிறது.

பணிவோடு கேட்கிறேன். கேஸ் ஷீட்டில் எழுதியதைத் தட்டிலும் வையுங்கள். சர்க்கரை கலக்காத பாலுக்கு இன்னொரு கேன். சோற்றுக்கு அளவுக் கரண்டி. சாம்பாருக்கு வாங்கும் பருப்பு மூட்டையோடு ஒரு பயறு மூட்டை, தினம் ஒரு கீரை. முட்டை பிரசவ வார்டுக்கு ஏற்கெனவே வேகிறது, இன்னும் ஐம்பது போட்டால் போதும். கிட்னி பழுதானவருக்குப் பருப்பும் முட்டையும் எவ்வளவு என்பது வேறு கணக்கு, அதை நான் சொல்லக் கூடாது. அதனால்தான் உங்கள் டயட்டீஷியன் வாரம் இரண்டு நாளாவது சமையலறையிலும் வார்டிலும் நிற்க வேண்டும் என்று கேட்கிறேன். அவர் அறை எந்தத் தளத்தில் இருக்கிறது என்பதே டிஸ்சார்ஜ் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அன்றும் கதவு பூட்டியிருந்தது.

திரும்பவும் கேட்கிறேன்: டாக்டர் எழுதிய டயட், அந்த நோயாளியின் தட்டுக்கு வர வேண்டும்.

அடுத்த திங்கள்கிழமை அம்மாவை டிரஸ்ஸிங்குக்கு அழைத்து வருகிறேன். நோட்டும் கையில் இருக்கும். ஒரு பத்து நிமிடம் கொடுத்தால் உட்கார்ந்து காட்டுகிறேன். தாத்தா இன்னும் அந்த பெட்டில்தான் இருக்கிறார் என்று சிஸ்டர் போனில் சொன்னார். திங்கள்கிழமைக்கு முன்னால் அவருக்காவது சர்க்கரை போடாத பால் கிடைக்க ஏற்பாடு செய்யுங்கள்.

நன்றியுடன்,
ஆறாம் நம்பர் பெட்டில் இருந்தவரின் மகள்