புல் கெட்டுவிடும் என்றார்கள்

புதுச்சேரியில் விளையாட்டுத் திடல்களுக்குத் திட்டம் போடுகிற, கட்டடங்களுக்கு அனுமதி தருகிற அதிகாரிகளுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு வெளியே ஒரு தனியார் விடுதியில் கோல்ஃப் பயிற்சிக்கென்று சின்னதாக ஒரு பச்சைத் திடல் போட்டிருக்கிறார்கள், பந்தை உருட்டிக் குழியில் விழ வைத்துப் பழகுகிற இடம், காசு கட்டினால் யாரும் ஆடலாம் என்று விளம்பரமும் வந்தது. போன் செய்து, சக்கர நாற்காலியில் வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். வாசலில் ஒன்பது படிகள், சாய்தளம் இல்லை. காவலாளிகள் இரண்டு பேர் நாற்காலியோடு என்னைத் தூக்கினார்கள். நாலாவது படியில் ஒருவருக்குக் கை நழுவி நாற்காலி பின்பக்கம் சாய்ந்தது, என் மனைவி கத்திவிட்டாள், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு 41 வயது. நாலு பேர் பார்க்க மூட்டை மாதிரி தூக்கிப் போவது எப்படி இருக்கும் என்று தயவுசெய்து ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். அந்தக் காவலாளிகள் மேல் கோபம் இல்லை, பாவம், அவர்களுக்கும் வியர்த்து வழிந்தது. மேலே போனதும் மேலாளர் வந்து, "சார், சக்கரம் ஏறினா புல் கெட்டுடும், ஓரமா உட்கார்ந்து பாருங்க" என்றார். அப்புறம் இறங்குவதற்கும் அதே ஒன்பது படிகள்.

ஈரப் புல்லில் மெல்லிய டயர் தடம் பதியும், உண்மைதான். அதற்காகத்தான் அகல டயர் வைத்த நாற்காலிகளும், ஒருவர் மட்டும் உட்கார்ந்து ஓட்டுகிற வண்டிகளும் வந்திருக்கின்றன, இருக்கையே எழும்பி ஆளை நிற்க வைத்துப் பிடித்துக்கொள்கிற வகைகூட உண்டு. 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த கோல்ஃப் விதிகளில் 25ஆவது விதி முழுக்க எங்களுக்கானது. சக்கர நாற்காலியில் ஆடுபவரின் பந்து மணல் குழியில் விழுந்து ஆட முடியாமல் போனால், மற்றவர்களைப் போல இரண்டு தண்ட அடி (தண்டனையாகக் கணக்கில் கூட்டுகிற அடி) இல்லை, ஒன்றோடு வெளியே எடுத்து ஆடலாம். அமெரிக்காவில் 2022இல் பைன்ஹர்ஸ்டில் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே நடந்த தேசியப் போட்டியில் 96 பேர் ஆடினார்கள், உட்கார்ந்து ஆடுபவர்களுக்குத் தனிப் பிரிவே இருந்தது. நான் அவ்வளவு பெரிதாக எதுவும் கேட்கவில்லை. சக்கர நாற்காலி ஏறிப் போகக்கூடிய ஒரே ஒரு பயிற்சித் திடல் கேட்கிறேன்.

என் தாத்தா சொல்தா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர். சின்ன வயதில் அவரோடு பெத்தாங்க் ஆடியிருக்கிறேன். இரும்புக் குண்டைச் சின்னக் கட்டைப் பந்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிற அந்தக் கைக்கணக்கு விபத்துக்கு அப்புறமும் என்னை விட்டுப் போகவில்லை. ஒரு பழைய மட்டையை வெட்டிக் குட்டையாக்கி, வீட்டுத் தாழ்வாரத்தில் கோரைப்பாய் விரித்து, தினமும் பந்தை உருட்டிப் பழகுகிறேன். இதற்குக் கால் வேண்டியதில்லை, ஆட ஒரு இடம்தான் வேண்டும்.

சட்டம் உங்களுக்குத் தெரியும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் "பொதுக் கட்டடம்" என்றால் மக்கள் வந்துபோகும் தனியார் இடமும் அடக்கம், பொழுதுபோக்குக்கான இடமும் அடக்கம். விதிகள் 2017 ஜூனில் வந்தன, பழைய கட்டடங்களை நாங்கள் வந்துபோகும்படி சரிசெய்யக் கொடுத்த ஐந்து வருடம் 2022லேயே முடிந்துவிட்டது. புதிதாகக் கட்டுவதற்கு நாங்கள் வந்துபோகும் வசதி இல்லாமல் அனுமதியே தரக் கூடாது. அப்படியானால் அந்த ஒன்பது படிகளுக்கு யார் கையெழுத்துப் போட்டது?

டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினம் வந்தால் மேடை போடுகிறார்கள், எங்களுக்கு ஒரு பந்தயம் வைத்து, எவர்சில்வர் டப்பா கொடுத்து, போட்டோ எடுக்கிறார்கள். மறுநாள் அதே மைதானத்துக்கு ஆடப் போனால் கழிவறைக் கதவுக்குள் நாற்காலி நுழையாது. எத்தனை வருடமாக இதைப் பார்க்கிறோம்!

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். கேட்பது ஒன்றுதான். அரசு மைதானம் ஏதாவது ஒன்றின் மூலையில் செயற்கைப் புல் போட்டு, படி இல்லாமல், சக்கர நாற்காலி ஏறிப் போகிற ஒரு பயிற்சித் திடல் அமைத்துத் தாருங்கள். உட்கார்ந்து ஆட நாலு குட்டை மட்டைகளும் வாங்கி வையுங்கள். சாய்தளத்துக்கு அளவெடுக்கும் நாளை மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள், என் நாற்காலியோடு வந்துவிடுகிறேன், ஏறிப் பார்த்துவிட்டே சிமெண்ட் போடலாம்.

இப்படிக்கு,
முத்தியால்பேட்டையிலிருந்து ஒருவன்